ஒற்றை ஓட்டு

“அம்மா, யாருமே ஓட்டுப் போடலைன்னா அந்தப் பாட்டு அழுமா?” என்று மகள் சின்னவளாக இருந்தபோது கேட்டாள். மியூசிக் சேனலின் ஹிப்ஹாப் போட்டிக்கு வரும் ஓட்டுகளை எண்ணுவதுதான் அவளுடைய அம்மாவுக்கு வேலை.

‘ஹாரன்’ என்ற பெயரில் ஒரு பஸ் டிரைவர் பாடிய பாட்டுக்கு இந்த வாரமும் ஒரே ஓட்டுதான் வந்திருந்தது.

“அவரே போட்டுக்கிறாரும்மா,” என்றார் மேனேஜர். “இந்தக் காலத்துல மியூசிக் டிவி பாக்குறதே நாலு பேரு. அதுல கள்ள ஓட்டு வேறயா? போன் பண்ணிக் கேளு. அவருதான்னா பாட்டைத் தூக்கிடு.”

அவர் சாப்பிடப் போனதும் அம்மா அந்த ஓட்டு வந்த போன் எண்ணுக்குப் பேசினாள்.

“சார், உங்க பாட்டுக்கு நீங்களே ஓட்டுப் போடக் கூடாது.”

“என் பாட்டுக்கு நான் போடலையேக்கா!”

அந்தக் கரகரத்த குரல் ஊருக்கே தெரியும். ஆறு வாரமாக முதலிடத்தில் நிற்கும் ‘புயல்’!

“தம்பி, நீங்களா? எதிர்த்துப் போட்டி போடுறவருக்கா ஓட்டு?”

“என் முதல் பாட்டுக்கும் ஒரே ஓட்டுதான்க்கா. அப்பல்லாம் ஓட்டுப் போட்டவங்க பேரு டிவியில கீழே ஓடுமே? ‘ஹாரன்’னு ஒரு பேரு மட்டும் ஓடுச்சு. அது இல்லைன்னா அன்னிக்கே பாட்டை விட்டிருப்பேன். ஹாரன் அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, கூச்சப்படுவாரு.”

அவள் பாட்டைப் பட்டியலிலேயே விட்டாள். ஓட்டுப் போட்டவர் என்ற கட்டத்தில் ‘ஒரு ரசிகர்’ என்று எழுதினாள். பெயர் ஆண்டவனுக்குத் தெரிந்தால் போதாதா?