வாரேன்க்கா

கடல்மட்டம் அளக்கும் ஊழியர் ஜெபஸ்டின் திங்கள்தோறும் வருவார். சகாயமேரி வீட்டுச் சுவரில் உப்புத்தண்ணீர் ஏறிய கோட்டைப் படமெடுப்பார். டீ குடிப்பார். "வாரேன்க்கா" என்று கிளம்புவார்.

இந்தத் திங்கள் கோடு நாலு விரற்கடை ஏறியிருந்தது.

"தடுப்புச்சுவர் கடல் பக்கமாத்தான கட்டுறாங்க தம்பி? எங்க தெரு உள்ள வந்துரும்லா?"

"உள்ளதான்க்கா. திட்டத்துல ஒரு மாத்தமும் இல்ல."

அவர் சகாயமேரியின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தே பேசினார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"சரிக்கா, போறேன்."

அவர் தெருமுனை தாண்டியதும் சகாயமேரி பரணிலிருந்து சாக்குகளை இறக்கி, பாத்திரங்களை உள்ளே போட ஆரம்பித்தாள். குளித்துவிட்டு வந்த கணவன் லூர்து திகைத்து நின்றான்.

"என்ன செய்யுத? சுவர் கட்டலையாமா?"

"கட்டுறாங்களாம். நம்ம தெரு உள்ளதானாம்."

"பெறகென்ன?"

"மூணு வருசமா வாரேன்னு சொல்லிட்டுப் போன ஆளு, இன்னைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போறாரு."

லூர்து ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மின்விசிறியைக் கழற்றத் தொடங்கினான்.