பக்கத்து நாற்காலி

பதினெட்டு வருஷமாகத் தன்னைப் பார்த்துவந்த மனநல மருத்துவர் ஜெகதீசன் ஓய்வு பெற்றதிலிருந்து, சண்முகவள்ளிக்குப் பொழுதெல்லாம் சிறுமலை மூடுபனிக்குள் நடப்பதுபோலவே கழிந்தது. அவர் கைகாட்டிய டாக்டர் பாஸிலாவைப் பார்க்கப் போனிலேயே டோக்கன் போட்டுவிட்டு, திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறி வந்துவிட்டாள். ஆனால், கிளினிக் வாசலில் கால் நகரவில்லை. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து எப்படிச் சொல்வது?

திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது, உள்ளே ஜன்னலோர நாற்காலியில் ஜெகதீசனே உட்கார்ந்திருந்தார். கனவோ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு அருகில் போனாள்.

“எனக்காகவா சார் வந்திருக்கீங்க?”

“உக்காருங்க வள்ளி.”

“நீங்களே உள்ள வந்து எங்கதைய எடுத்துச் சொல்லிருங்க சார். எனக்கு வாயே வராது.”

“சொல்ல ஆரம்பிச்சா தன்னால வந்துரும். எனக்கும் அப்படித்தான் வந்துச்சு.”

“ஒங்களுக்கா?”

அவர் கையிலிருந்த டோக்கனைக் காட்டினார். “வீட்டுக்காரம்மா தவறுனதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நாலு வருஷமா இவங்ககிட்டதான் வாரேன். ஒங்களுக்கு அடுத்தது நான்தான்.”

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

“செத்த நேரம் பொறுத்துக்கங்க சார், சுருக்கா பேசிட்டு வந்துர்றேன்” என்று அவருக்குத் தைரியம் சொல்லிவிட்டு, சண்முகவள்ளி கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.