பொய்மணி அடித்தவன்

அது சாம்பிராணிப் புகைதான். முனிரத்தினத்துக்கு நல்லாவே தெரியும்.

கூரை பத்திக்கிட்டா புகை அழுக்கு மஞ்சளா குபுகுபுன்னு கிளம்பும். இது வெள்ளை வெளேர்னு, ஒல்லியா, பாப்பம்மா வீட்டுக் கூரைச் சந்து வழியா வந்துக்கிட்டிருந்தது. அவ மக தாயம்மா பிரசவத்துக்கு வந்திருக்கா. குழந்தை பிறந்து தீட்டுகூட இன்னும் கழியலை. பச்சைப் புள்ளையைக் குளிப்பாட்டிட்டுப் புகை போடுறாங்க, அவ்வளவுதான்.

எல்லாம் தெரிஞ்சும் மணிக்கயித்தைப் பிடிச்சு இழுத்தான், பாவி மனுஷன்.

மாரிகுப்பத்துல தங்கச் சுரங்கத்து ஆளுங்க குடியிருந்த லைன்ல அப்போ எல்லாமே மூங்கில் தட்டிச் சுவர், புல்லுக் கூரை. ஒண்ணு பத்திக்கிட்டா வரிசையே போச்சு. அதனால பங்குனிக் காத்து அடிக்கிற காலத்துல, ஷிப்ட் இல்லாத ஒருத்தர் காவல் பரண் மேல ஏறிப் பகல் முழுக்க நிப்பார். கூலி கிடையாது, தானா முன்வர்றதுதான். மணி அடிச்சா கீழே யாரும் ஏன், எதுக்குன்னு கேட்க மாட்டாங்க. பரண்காரர் கை காட்டுற வீட்டுக் கூரையை முதல்ல பிச்சுப் போடுவாங்க. பேச்சு அப்புறம்தான்.

முனிரத்தினம் கையை நீட்டிக் காட்டினது பாப்பம்மா வீட்டை.

காரணம்? ஒரு சேவல். அவன் ஆசை ஆசையா வளர்த்த சண்டைச் சேவல் அவ வீட்டுக்குள்ள புகுந்து அரிசியைக் கிளற, அவ கொதிக்கிற கஞ்சித் தண்ணியை வீசிட்டா. சேவலுக்கு ஒரு கண்ணு போச்சு. அன்னியிலிருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

'கூரையைப் பிரிச்சா மறுபடி வேய ரெண்டு நாள் படட்டும்'னுதான் அவன் நினைச்சான். வேற எதையும் நினைக்கலை.

கொக்கியும் துறட்டியுமா ஓடி வந்த ஆம்பளைங்க கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கூரையை மொத்தமா இழுத்துத் தள்ளிட்டாங்க. தாயம்மா குழந்தையை மாரோட அணைச்சுக்கிட்டு, தலையெல்லாம் புல்லுத் தூசியா, வெட்ட வெயில்ல வந்து உட்கார்ந்தா. குழந்தை வீறிட்ட சத்தம் பரண் வரைக்கும் கேட்டது.

முனிரத்தினம் மணிக்கயித்தை விட்டான். 'ஐயோ, ஒரு சேவலுக்காக இன்னா காரியம் பண்ணிட்டோம்!'

"டேய், கீழே எறங்கி வாடா!"

மேஸ்திரி கொர்னேலியஸோட குரல். லைன்ல அவர் வச்சதுதான் சட்டம். இறங்கி வந்தவனை நிறுத்தி வச்சுக் கேட்டார்.

"நெருப்பே காணோமே. சட்டியில சாம்பிராணிதான் கீது. இன்னாடா இது முனிரத்தினம்?"

மேஸ்திரி சட்டியைத் தூக்கி அவன் முன்னால காட்டினார்.

"பொய்மணி அடிச்சவன் குடும்பத்தோட லைனை விட்டுக் கெளம்பணும். தெரியுமில்ல? மூட்டையைக் கட்டு."

அவன் பொண்டாட்டி பார்வதம்மா வாயில அடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சா. வேலை, வீடு, எல்லாம் போச்சு. திரும்பிப் போக ஊர்ல ஒரு காணி நிலம்கூட இல்லை.

"இருங்க மேஸ்திரி."

பேசினது பாப்பம்மா.

"சட்டியில இருந்து பொறி தெறிச்சு ஓரத்துப் புல்லுல புடிச்சுக்கிச்சு. நான்தான் ஈரத்துணியைப் போட்டு அமுக்கினேன்."

"அப்போ கருகின புல்லு எங்கே?"

"கூரையையே பிச்சு நாலா பக்கமும் எறிஞ்சுட்டு என்னைக் கேட்டா? நீங்களே தேடிக்குங்க!"

கூட்டம் சிரிச்சிடுச்சு. மேஸ்திரி முகமும் மாறிப்போச்சு. முனிரத்தினம் முதுகுல தட்டி, "கண்ணுன்னா உன் கண்ணுடா! அடுத்த வாரமும் நீயே ஏறு"ன்னார். அந்தத் தட்டு ஒவ்வொண்ணும் அவனுக்குச் செருப்படியா விழுந்தது.

பொழுது சாயறப்போ தலையில புதுப் புல்லுக் கட்டோட பாப்பம்மா வீட்டாண்ட போய் நின்னான். அவ தனியா உட்கார்ந்து மூங்கிலைக் கட்டிக்கிட்டிருந்தா.

"பாப்பம்மா, நான் தெரிஞ்சேதான் அடிச்சேன். அப்பவும் எனக்காகப் பொய் சொன்னியே. உன் மனசு யாருக்கு வரும்?"

"உனக்காகவா? நல்லா கீதே கதை! உன்னைத் துரத்தி இருந்தா இன்னிக்கு எனக்கு ஒரு வாய் சோறு கூடவே எறங்கி இருக்கும்."

"பின்னே?"

"உன்னைத் துரத்தினா, நாளைக்கு மேல ஏறுறவன் புகையைப் பார்த்ததும் அடிப்பானா? பொய்மணி ஆயிட்டா நம்ம கதியும் இதுதானேன்னு கம்முனு நிப்பான். அதுக்குள்ள லைனே சாம்பலாயிடும்."

"அப்படியெல்லாம் யாராவது நிப்பாங்களா?"

பாப்பம்மா கயித்தை இறுக்கி முடிச்சுப் போட்டா. அவனை நிமிர்ந்து பார்க்கலை.

"போன பங்குனில எங்க வூட்டுக்காரர் நின்னாரே. தீயில ரெண்டு உசுரு போச்சு. பரண் மேல படுத்துத் தூங்கிட்டான்னு நீங்க எல்லாரும் மூஞ்சியில காறித் துப்பினீங்க. வெட்கம் தாங்காம மனுஷன் ஊரை விட்டே போயிட்டாரு. அவரு தூங்கலை. கயித்தைக் கையில புடிச்சுக்கிட்டு, அடிக்கலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு நின்னாரு."