புகைவண்டி மேல் ஒரு புகார்

"அந்த ஆளை நீங்க எஞ்சினை விட்டு இறக்குறீங்களா, இல்ல நானே போய் இறக்கட்டுமா?"

எஞ்சின் ஷெட் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். சாப்பாட்டு நேரம், வெளியே ஆளரவமில்லை. ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் கைப்பையை மேசைமேல் டொக்கென்று வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்த ஆளைம்மா?"

"பாசஞ்சர் வண்டி ஓட்டுறாரே, மீசைக்காரர். அவரைத்தான்."

அதிகாரிக்கு உள்ளுக்குள் இனித்தது. முகத்தை மட்டும் கவலையாக வைத்துக்கொண்டார்.

இந்த ஷெட்டுக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே தலைவலி அந்த மீசைக்காரர்தான். நீராவி எஞ்சின்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு டீசலுக்கு மாறச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மற்ற டிரைவர்கள் பயிற்சிக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள். மீசைக்காரர் மட்டும் மசியவில்லை. எப்போது கேட்டாலும் ஷெட்டே அதிரும்படி ஒரே பதில்தான்:

"என் எஞ்சின் மேல யாராவது ஒருத்தர் குறை சொல்லட்டும் சார், அன்னைக்கே இறங்கிடுறேன். அதுவரைக்கும் அந்த டீசல் டப்பாவுல என் கால் படாது!"

குறை சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை. ரயிலடியில் எல்லாரும் அவருக்குக் கையாட்டினார்கள். இந்த மாதக் கடைசிக்குள் அவர் பயிற்சிக்குப் போகாவிட்டால் ஷெட்டைக் கூட்டிப் பெருக்கும் வேலைதான் மிஞ்சும். ஒரு ஆளை வழிக்குக் கொண்டுவரத் தெரியாதா என்று அதிகாரிக்கும் மேலிடத்தில் அர்ச்சனை விழும்.

இப்போது புகார் நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறது.

"விவரமாச் சொல்லுங்கம்மா. அவர் என்ன பண்றார்?"

"என்ன பண்ணலேன்னு கேளுங்க! என் வீட்டுல வெள்ளைன்னு சொல்ல ஒரு துணி கிடையாது. எல்லாத்துலயும் கரி. சட்டைக் காலரைக் கசக்கிக் கசக்கி என் கை தேஞ்சு போச்சு. தலையணை உறைகூடக் கறுப்பு!"

"தலையணை வரைக்குமா கரி வருது?"

"வருதே..." அம்மாள் லேசாகத் தடுமாறினாள். "ஜன்னல் வழியா."

"விசில் சத்தம்?"

"அதை ஏன் கேக்குறீங்க! நான் முழுசாத் தூங்கிப் பல வருஷம் ஆச்சு. ராத்திரி பூரா புஸ்ஸு புஸ்ஸுன்னு ஒரே சத்தம்."

"ராத்திரியில நமக்கு வண்டியே இல்லையேம்மா?"

"இல்லதான்... ஆனா காதுலயே நிக்குது சார். அதை விடுங்க. அந்த எஞ்சினை அவர் கொஞ்சுற கொஞ்சல் இருக்கே! பித்தளையைத் தேய்க்கிறதென்ன, தடவிக் கொடுக்கிறதென்ன, 'என் ராசாத்தி'ங்கிறதென்ன... பாக்கச் சகிக்கல."

"அதுல உங்களுக்கு என்னம்மா இடைஞ்சல்?"

"கண்ணுக்கு இடைஞ்சல்!"

"ரொம்ப நியாயம்," என்றார் அதிகாரி. இன்றைக்கு எதைச் சொன்னாலும் அவருக்கு நியாயமாகத்தான் பட்டது. "உங்க பேரு?"

"பேரெல்லாம் வேண்டாம். தெரிஞ்சா மனுஷன் என்னை வீட்டுல நிம்மதியா இருக்க விடமாட்டார்."

"அப்ப ஒண்ணு செய்வோம். அவரைக் கூப்பிடுறேன், நேருக்கு நேரே கேட்டுடுங்க."

அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். "நேர்ல சொல்லிச் சொல்லிப் பலனில்லாமத்தானே சார் உங்ககிட்ட வந்தேன்!"

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மீசைக்காரரை வரவழைத்தார் அதிகாரி. எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தபடி வந்து நின்றார் அவர்.

"உங்க எஞ்சின் மேல புகார் வந்திருக்கு."

"என்னது! என் ராசாத்தி மேலயா?" மீசைக்காரர் போட்ட சத்தத்தில் ஃபிட்டர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "யாரு சார் சொன்னது?"

"ஒரு அம்மா. அழாத குறை. துணி போச்சாம், தூக்கம் போச்சாம்."

மீசைக்காரர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு குடும்பத்தை அழவெச்சுட்டு இந்த வண்டியை ஓட்டணுமா சார்? வேண்டாம்." குரல் தழுதழுத்தாலும் வாசல் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. "வாக்குன்னா வாக்கு. நாளைக்கே பயிற்சிக்குப் போறேன்."

ஃபிட்டர்களில் மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீசைக்காரர் தலைகுனிந்தபடி வெளியேற, எல்லாரும் விலகி வழிவிட்டார்கள்.

ஜெயித்தாயிற்று. ஆனாலும் அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை நாள் உயிராக நினைத்த வண்டி. நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்லலாம் என்று பின்னாலேயே போனார். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் தொட்டியை நெருங்கும்போது, அதற்கு அந்தப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டு நின்றார்.

"என்ன ஆச்சு?" என்றது புகார் சொன்ன அம்மாளின் குரல்.

"பிரமாதம்! முதுகு விட்டுப்போச்சு, பாய்லர் சூடு தாங்கலேன்னு நானா இறங்கியிருந்தா ஷெட்டே என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்கும். இப்ப அவனவன் கண் கலங்கி நிக்கிறான்," என்று மீசைக்காரர் தன் மனைவியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். "ஆமா, துணி, விசில்னு ரெண்டு புகார்தானே நான் சொல்லிக் கொடுத்தேன்? உள்ள அவ்வளவு நேரம் என்ன பேசிக்கிட்டிருந்தே?"

"மீதியெல்லாம் கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க காது கொடுத்துக் கேக்காதது. அந்த ஆபீசர் பொறுமையாக் கேட்டார், சொல்லிட்டு வந்தேன்!"