உள்ளங்கை அளவு மழை

"இன்னிக்கும் ஆள் சேரலைன்னா உங்க ஓவிய விளக்கத்தை நிறுத்திடலாம் மார்ஜரி," என்று காலையிலேயே சொல்லிவிட்டார் அருங்காட்சியகப் பொறுப்பாளர் நைஜல்.

மார்ஜரி வீம்பாகப் போய், உள்ளங்கை அளவே இருந்த பென்சில் ஓவியம் ஒன்றின் முன்னால் நின்றாள். யார்க்‌ஷர் மலை, ஒரு மேகம், ஓர் ஓடை. வரைந்த புண்ணியவான் யாரென்று தெரியாது.

பெரியவர் ஒருவர் வந்து அவள் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண்மணி. பத்து நிமிடத்தில் ஏழு பேர்!

மார்ஜரிக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த ஓடையைப் பாருங்க. சலசலன்னு ஓடுற சத்தம் கேக்குதா?"

பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு முனகினார். என்ன ரசனை!

"மேகம் முட்டிக்கிட்டு நிக்குது. இதோ, கொட்டப் போகுது. ஆனா கொட்டலை! இந்த அடக்கம்தாங்க நம்ம நாட்டு ஓவியத்துக்கே உயிர்."

"ரொம்பச் சரிங்க மேடம்," என்றாள் பெண்மணி, கால் மாற்றி நின்றபடி. அவள் கண்ணில் நீர் திரண்டிருந்தது.

அரை மணி நேரம் ஒருவர்கூட நகரவில்லை. எட்டிப் பார்த்த நைஜல் வாயைப் பிளந்தார்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றாள் மார்ஜரி, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

பெரியவர் மெல்லக் கையைத் தூக்கினார். "தப்பா நினைக்காதீங்க மேடம். கேக்குறது மரியாதை இல்லைன்னுதான் இவ்வளவு நேரம் பொறுத்தோம். வரிசையில நீங்கதானே முதல் ஆள்? உள்ள போனவர் எப்ப வெளிய வருவார்?"

நைஜல், ஓவியத்தை ஒட்டியிருந்த கழிவறைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே யாருமே இல்லை.