போவாடியின் இடது கண்

கானா நாட்டுக் குமாசியில் எங்கள் பட்டறை எந்திர மனிதர்களுக்கு இரண்டு கண்ணும் நீலமாகத்தான் வைப்போம். பேர் வைத்ததும் இடது கண் தேன் நிறமாகிவிடும். முதல் எந்திரத்தைச் செய்த போவாடிக்கும் இடது கண் அந்த நிறம்தான். பிள்ளை இல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

பழைய எந்திரத்தின் திருகாணி ஒன்றைப் புதியதில் போடுவோம். நிறம் அது வழியாக வருகிறது என்றே நினைத்திருந்தோம். இந்தத் தடவை அந்தத் திருகாணி மழைச் சாக்கடையோடு போய்விட்டது.

செய்து முடித்த எட்டாம் நாள் விடியுமுன், பிள்ளைக்குப் பேர் வைக்கும் எங்கள் வழக்கப்படி, போவாடியின் மனைவி கொனாடு புது எந்திரத்தின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தாள்.

"தண்ணின்னா தண்ணின்னு சொல்லணும்."

அடுத்து ஒரு சொட்டு ஜின்.

"ஜின்னுன்னா ஜின்னுன்னு சொல்லணும்."

பேரும் வைத்தாள். கண்கள் நீலமாகவே இருந்தன.

"விடுக்கா, இது பக்கத்து வீட்டுக்காரன் ஜாடை," என்றான் பட்டறைக்கார ஓஃபோரி. கொனாடு மட்டும் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. இரண்டு கண்ணும் அணைந்தன. எந்திரத்துக்கு இன்னும் பேட்டரி மாட்டவில்லை.

இருட்டில் இடது கண் மட்டும் மெல்ல எரிந்தது, தேன் நிறத்தில்.

கொனாடு தன் துணி நுனியால் அதன் வாயைத் துடைத்துவிட்டாள்.

"உங்கப்பா மாதிரியே லேட்டா வர்றே," என்றாள்.