அரைச் சுற்று

"பதினஞ்சு நாள்ல ரெண்டாவது தடவை, அண்ணே!"

புல்வெட்டும் மெஷினைப் பட்டறை வாசலில் தொப்பென்று இறக்கினாள் தோட்டக்காரம்மா. ஆஸ்பத்திரித் தோட்டம் பாதி வெட்டியும் பாதி வெட்டாமலும் கிடக்கிறது. சாயங்காலத்துக்குள் முடிக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

பட்டறைக்காரர் கயிற்றை ஓர் இழு இழுத்துப் பார்த்தார். இன்ஜின் செத்தது செத்ததுதான். உள்பக்கம் திரும்பிக் கத்தினார்.

"டேய்! ஃப்ளைவீல் நட்டை ஒழுங்கா முறுக்குன்னு எத்தனை தடவை சொல்றது? லூசா விட்டா உள்ளே கீ அறுந்துடும்னு தெரியாதா? தலை நரைச்சும் புத்தி வரலையே!"

தலை நரைத்த தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தப்புதான் அண்ணே."

அவ்வளவுதான். சரியான கல்லுளிமங்கன்!

"இவரை வெச்சுக்கிட்டு எப்படிண்ணே காலம் தள்ளுறீங்க? நானா இருந்தா என்னைக்கோ அனுப்பியிருப்பேன்."

"என்னம்மா செய்யறது? கூடப் பிறந்துட்டான்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துவிடுவது என்று முடிவு.

தம்பி முதல் வேலையாக ஸ்பார்க் பிளக்கின் ஒயரைப் பிடுங்கி ஒதுக்கிக் கட்டினார்.

"அது எதுக்கு?"

"கை உள்ளே இருக்கும்போது இன்ஜின் ஒரு உதறு உதறினா விரல் போயிடும்மா."

மேல்மூடியைக் கழற்றினார். பிளக்கையும் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மெல்லிய கயிற்றை உள்ளே திணித்தார். பிஸ்டன் அதில் முட்டி நிற்க, கிராங்க் சுற்றாமல் நின்றது. நட்டு கழன்றது.

"சுத்தியலால ரெண்டு போடு போட்டா சக்கரம் வந்துடாதா? எனக்கு நேரமாகுது."

"சக்கரம் வந்துடும். கிராங்க் வளைஞ்சுடும்."

சக்கரத்தைப் பிடித்து வெளியே இழுக்கும் புல்லரை மாட்டி, அதன் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். ஃப்ளைவீல் சக்கரம் சமர்த்தாகக் கழன்று கைக்கு வந்தது. உள்ளே கீ, விரல் நகமளவு உலோகத் துண்டு, இரண்டாக அறுந்து கிடந்தது. துடைத்தார், புதுக் கீயைப் பொருத்தினார், ஃப்ளைவீலை ஏற்றினார்.

இவ்வளவு நிதானமான ஆளா நட்டை லூசாக விட்டார்? அவளுக்கு இடித்தது.

"நகரு. நட்டை நானே முறுக்குறேன். உன்னை நம்பினா இந்தம்மா மூணாவது தடவையும் வந்து நிக்கும்."

அண்ணன் ஸ்பேனரை வாங்கி முறுக்கினார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது.

"கல்லு மாதிரி உட்கார்ந்துடுச்சு. இனி அசையாது" என்று சொல்லிவிட்டு, மாத்திரை போட உள்ளே போனார்.

தம்பி ஒரு முறை உள்ளே எட்டிப் பார்த்தார். மேஜைக்கு அடியிலிருந்து வேறொரு நீள ஸ்பேனரை எடுத்தார். முறுக்கு அளவுக்கு வந்ததும் 'டக்' என்று சொல்லும் ரகம். மாட்டி இழுத்தார். அசையாத நட்டு அரைச் சுற்று சுற்றியது. 'டக்' சத்தம் வந்த அதே நொடியில் பலமாக இருமினார்.

தோட்டக்காரம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அப்போ... போன தடவை?"

"அன்னைக்கு நான் ஸ்பேர் வாங்கப் போயிருந்தேன். வர்றதுக்குள்ள நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க." குரலைத் தணித்தார். "வாதம் வந்து தேறினதுல இருந்து அவருக்கு வலது கையில பலம் இல்லம்மா. அது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா ஸ்பேனரைப் போட்டுட்டு மூலையில முடங்கிடுவார். திட்டு வாங்கினா நான் என்ன தேஞ்சா போயிடுவேன்?"

அவளுக்கு அவமானமாக இருந்தது. இந்த மனுஷனையா அனுப்பச் சொன்னோம்?

கயிறு வெளியே வந்தது. பிளக், மூடி, ஒயர் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போயின. ஒரே இழுப்பில் இன்ஜின் உறுமியது. அதை அணைத்துவிட்டுத் தம்பி கை கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனார்.

அண்ணன் வெளியே வந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் கிட்டே வந்து மெல்லக் கேட்டார்.

"அவன் இருமினானே... அப்போ நட்டு எவ்வளவு சுத்துச்சு?"

தூக்கிவாரிப்போட்டது. "அ... அரைச் சுத்து."

"போன வாரம் வந்த இன்னொருத்தர் கால் சுத்துன்னு சொன்னார்." தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அன்னைக்கு அவன் இல்லாதப்போ நான் முறுக்கிக் கொடுத்திருக்கக் கூடாது. மன்னிச்சுக்கம்மா."

"எல்லாம் தெரிஞ்சுமா அவரை அந்தத் திட்டுத் திட்டுறீங்க?" அவளுக்குக் கோபம் பொங்கியது.

"எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே அத்தனையும் வாங்கிக்கிறான்? நான் திட்டுறதை நிறுத்தின அன்னைக்கே, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபிடிச்சுடுவானேம்மா."

பின்பக்கம் குழாய்ச் சத்தம் நின்றது. அவர் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலை உயர்த்தினார்.

"டேய்! கை கழுவ எவ்வளவு நேரம்டா, சோம்பேறி!"